குளிர்காற்றுக்காக இறக்கிய குழாய்

1. ஏற்றத்தில் நின்றது

தவமணியின் வண்டி மரைன் ஹில் ஏற்றத்தில் பாதியில் நின்றபோது நானும் அதில் இருந்தேன். முன்சீட்டில், மடியில் ஊசி நூல் டப்பாவோடு.

எங்கள் தீவில், மின்னி பே பக்கம் முருகேசன் மிஸ்திரியின் ஒர்க்‌ஷாப்பில் நான் சீட் கவர் தைத்தவள். மெக்கானிக்கை இங்கே மிஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். என் வீட்டுக்காரர் ஹேடோவில் கப்பல் சாமான் இறக்கும் வேலை பார்த்தார். அவர் போன பிறகு தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு அந்த ஷெட்டுக்கு வந்தேன். ஐந்தாவது வரைதான் படிப்பு. எஞ்சின் விஷயம் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவும், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்று தொழில் சொல்லித் தருகிறவர்கள் கேட்டார்கள். மிஸ்திரி சொல்லிக் கேட்டதும் நான் கண்ணால் பார்த்ததும்தான் இதில் இருக்கிறது.

தவமணி கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்காரப் பையன். அவன் அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். பல வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டு, கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கினான். ஏழு பேர் உட்காரும் பெட்ரோல் வண்டி. ஒரு ஹோட்டலில் கெஸ்ட் ஏற்றும் ஓட்டம் நிரந்தரமாகக் கிடைக்கும் போல் இருந்தது. அதற்காகத்தான் புது சீட் கவர் போட வந்தான். கவர் மாட்டியதும் ஹோட்டல் மேனேஜர் வண்டியைப் பார்க்க வந்தார். தையலில் குறை சொன்னால் அங்கேயே சரிசெய்யட்டும் என்று மிஸ்திரி என்னையும் ஏற்றிவிட்டார்.

பின்னால் மேனேஜரும் அவருடைய ஆட்கள் நாலு பேரும். ஏசி ஓடுகிறது. சமதரையில் வண்டி ஒழுங்காகத்தான் போயிற்று. ஏற்றம் தொடங்கியதும் எஞ்சின் முனகியது. தவமணி கியரைக் குறைத்தான், இன்னும் குறைத்தான். மாடு படுப்பது போல வண்டி மெதுவாக நின்றுவிட்டது. பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"ஏசியை அணைக்கட்டுமா சாப்?"

"அணைச்சுட்டு? கெஸ்ட்டை வேர்க்க வேர்க்க கூட்டிட்டுப் போவியா?" மேனேஜர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "சீட்டெல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ். சீட்டு மலை ஏறாது பாய். சீசன் ஆரம்பிக்கிறதுக்குள்ள இதே ஏற்றத்துல, இதே ஆளோட, ஏசி போட்டு ஏறிக் காட்டு. இல்லாட்டி நான் வேற வண்டி பாக்கணும். புரா மத் மான்னா." தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று ஹிந்தியில் முடித்தார்.

எல்லோரும் இறங்கி நடந்தார்கள். தவமணி ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. "அக்கா, நீங்க உக்காருங்க, உங்க வெயிட்டுக்கு ஏறிரும்" என்றான். ஏறியது. சிரிக்கத்தான் சொன்னான், அவனும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

2. பானெட்டுக்குள் அடுப்பு

மிஸ்திரி ராமநாதபுரத்துக்காரர். கையில் வேலை உண்டு, வாயில் பேச்சு குறைவு. பிளக் பார்த்தார், பெட்ரோல் பம்ப் பார்த்தார், கிளட்ச் பார்த்தார், ஏர் ஃபில்டரை உதறிப் பார்த்தார். எதிலும் பெரிய குறை இல்லை. சைலன்சரை ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போனார். எங்கள் ஊரில் சைலன்சருக்கு வரும் வியாதி துரு ஒன்றுதான். உப்புக் காற்று தின்று ஓட்டை போடும், வண்டி டிராக்டர் மாதிரி கத்தும். இந்த வண்டியில் முன்பு விழுந்த ஓட்டையை மழைக்கு முன்னாலேயே வெல்டிங் வைத்து அடைத்திருந்தார்கள். கத்தல் இல்லை, புகை கசியவில்லை. "இது டீக், சரியா இருக்கு" என்று எழுந்துவிட்டார்.

டேஷ்போர்டில் எஞ்சின் லைட் எரிந்துகொண்டிருந்தது. அதை யாரும் சட்டை செய்யவில்லை. உப்பில் வயர் அரித்து, இங்கே பாதி வண்டிகளில் அந்த லைட் சாமி விளக்கு போல எப்போதும் எரியும்.

ஒன்று மட்டும் மிஸ்திரிக்கு உறுத்தியது. பானெட்டைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் சூடு. "அடுப்பாங்கரை மாதிரி இருக்கே" என்றார்.

அந்த வார்த்தையைத்தான் தவமணி பிடித்துக்கொண்டான். மறுநாள் போனை நீட்டியபடி வந்தான். யாரோ ஒருவர் வீடியோவில், எஞ்சின் இழுக்கும் காற்றின் சூட்டைக் குறைத்தால் வண்டிக்கு இழுவை கூடும் என்று படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்.

"மிஸ்திரி, இவரு சொல்றது மெய்தானா?"

மிஸ்திரி கை துடைத்துக்கொண்டே முழுதும் பார்த்தார். "மெய்தான். குளிர்ந்த காத்து இறுகி இருக்கும். ஒரு மூச்சுக்கு அதிகமாப் போகும். காத்து அதிகமாப் போனா பெட்ரோலும் அதுக்குத் தக்க அதிகமா எரியும். எரிஞ்சா இழுக்கும்."

"அப்ப நம்ம வண்டி சுடுகாத்தைக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கு."

"குடிக்குது. ஆனா அதனால மட்டும் மலையில நிக்குமாங்கிறதுதான்..."

தவமணி கடைசி பாதியைக் கேட்கவில்லை. சொன்னவரும் திரும்பச் சொல்லவில்லை. வேறு எந்தக் குறையும் கைக்கு அகப்படாத நேரம் அது.

வேலை என்னிடம் வந்தது. ஏர் ஃபில்டர் டப்பாவுக்கும் அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் இன்டேக் பைப்புக்கும் சட்டை தைக்க வேண்டும். உள்ளே கண்ணாடி நார், வெளியே வெள்ளி மாதிரி மினுங்கும் தாள் ஒட்டிய துணி. கடலோரத்தில் பழைய கப்பல் சாமான் விற்பவரிடம் கிடைத்தது. கண்ணாடி நாரைத் தைப்பது நரகம். ஊசி ஒடியும். தூள் கையில் ஏறினால் இரண்டு நாள் அரிப்பு. நான் ஸ்பூனால் சாப்பிட்டேன். பைப்புக்கு வளைவுக்கு வளைவு கொசுவம் வைத்து, குழந்தைக்குக் காலுறை மாட்டுவது போல மாட்டிவிட்டேன். தவமணி பக்கத்திலேயே குந்தியிருந்து பார்த்தான்.

"அக்கா, என் மகளுக்குக்கூட இப்படி அளவெடுத்து யாரும் தைச்சதில்ல."

"கூட்டிட்டு வா தம்பி, தைச்சுத் தரேன்."

"முதல்ல வண்டி ஏறட்டும்."

3. தெர்மாமீட்டர் சொன்னது

மீன் போட்டுக்காரர்கள் ஐஸ் பெட்டியில் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று உண்டு. நீள வயர், முனையில் ஒரு குமிழ். அதை வாங்கி, குமிழை இன்டேக் வாய்க்குள் விட்டு, வயரைக் கதவிடுக்கு வழியாக உள்ளே இழுத்து என் கையில் கொடுத்தார் மிஸ்திரி. எண்ணைப் படிப்பது என் வேலை. சட்டை இல்லாமல் ஒரு தடவை, சட்டை போட்டு ஒரு தடவை, அதே மரைன் ஹில் ஏற்றம்.

சட்டை இல்லாமல் அறுபது டிகிரியைத் தொட்டது. சட்டை போட்ட பிறகு ஐம்பதுக்கும் கீழே நின்றது. நான் எண்ணைச் சொல்லச் சொல்லத் தவமணி ஸ்டியரிங்கைத் தட்டினான்.

"பாத்தீங்களா மிஸ்திரி? இப்ப இழுக்குது. எனக்குத் தெரியுது."

மிஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இருந்த தூண் முதல் மேலே இருந்த திருப்பம் வரை இரண்டு தடவையும் ஆன நேரம் ஒன்றுதான். "வித்தியாசம் தெரியலையே தம்பி."

"நீங்க வாட்ச்சுல பாக்குறீங்க. நான் கால்ல பாக்குறேன். ஆக்சிலேட்டர்ல லேசா இருக்கு."

"மூணு பேர்தான் இருக்கோம். ஏழு பேரைப் போட்டாத் தெரியும்."

"அப்ப இன்னும் சூட்டைக் குறைக்கணும்."

நான் இதை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். சூடு குறைந்தது உண்மை. எண்ணை நானே படித்தேன். காற்று குளிர்ந்தால் இழுவை கூடும் என்பதும் உண்மை. ஆனால் நல்ல வண்டிக்கே அது சோற்றில் உப்பு மாதிரி ஒரு சின்னக் கூடுதல்தான் என்று மிஸ்திரி பிற்பாடு சொன்னார். மலையில் படுத்துவிட்ட வண்டியை அது எழுப்பாது. அன்றைக்குத் தெர்மாமீட்டர் எங்கள் மூன்று பேரையும் கட்டிப் போட்டுவிட்டது. கையில் ஒரு எண் இறங்கிக்கொண்டே வந்தால், ஏதோ சரியாகிறது என்று மனது நம்பிக்கொள்கிறது.

சீசனுக்கு நாள் நெருங்கியது. மெயின்லேண்ட் கப்பலில் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். மேனேஜர் ஒரு நாள் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று, "என்ன பாய், ஏறுதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

4. பம்பர் வரை

பானெட்டுக்குள் இருக்கும் எந்தக் காற்றும் சூடுதான். குளிர்ந்த காற்று வேண்டுமென்றால் வெளியிலிருந்து வர வேண்டும். டோங்கி என்கிற சின்னப் படகில் தேங்கும் தண்ணீரை இறைக்க ஒரு சுருள் குழாய் வைத்திருப்பார்கள். அதை வாங்கி வந்து, ஏர் ஃபில்டர் டப்பாவிலிருந்து முன் பம்பருக்குப் பின்னால் வரை இறக்கினார் மிஸ்திரி. இறக்குவதற்கு முன் வெகுநேரம் யோசித்தார்.

"மழைத் தண்ணி அடிக்குமே."

"வாயைக் கீழ்நோக்கி வெச்சிருங்க" என்றான் தவமணி.

அப்படியே வைத்தார். வாய்க்கு ஒரு வலைத்துணி மூடி நான் தைத்தேன். குடத்தில் தண்ணீர் எடுத்து பம்பர் மேல் ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. தெர்மாமீட்டர் முப்பத்தைந்தில் நின்றது. வெளிக்காற்றும் எஞ்சின் குடிக்கும் காற்றும் ஏறக்குறைய ஒரே சூடு. இதற்கு மேல் குறைக்க ஒன்றும் இல்லை.

மழைக்கு யோசித்தோம். ஃபெர்ரிக்கு யோசிக்கவில்லை.

தீவுக்காரர்கள் எல்லோரும் செய்யும் காரியம்தான். சாத்தமில், வண்டிகளை ஏற்றிப் போகும் வெஹிக்கிள் ஃபெர்ரியில் ஏறி, எதிர்க்கரை பேம்பூ ஃப்ளாட்டில் இறங்குவோம். சிமெண்ட் சரிவில் ஃபெர்ரி வாயைத் திறக்கும். பௌர்ணமி ஒட்டிக் கடல் ஏறியிருந்தால் சரிவின் அடியில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஒருவரும் தயங்க மாட்டார்கள். ஜல்தி ஜல்தி என்று ஃபெர்ரி ஆள் விசில் ஊதுவான், ஆக்சிலேட்டரை மிதித்து ஏறிவிடுவோம். தவமணியும் அந்தத் தண்ணீரில் எத்தனையோ தடவை இறங்கியவன்தான். அப்போதெல்லாம் வண்டி காற்று இழுக்கும் மூக்கு மேலே இருந்தது. இப்போது பம்பர் மட்டத்துக்கு இறங்கியிருந்தது.

பேம்பூ ஃப்ளாட்டில் அவன் மாமியார் வீடு. பெண்டாட்டி செல்வியையும் மகளையும் அங்கிருந்து கூட்டி வர, மேனேஜருக்கு ஏறிக் காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் போனான்.

வண்டியை லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். தவமணி இறங்கி நின்றான். இடுப்பு வரை கால்சட்டை நனைந்திருந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் மிஸ்திரி.

"ஃபெர்ரி சரிவுல இறங்கினேன். தண்ணி முன்னால பம்பருக்கு ஏறிச்சு. டக்குன்னு ஒரு சத்தம். நின்னுருச்சு."

"அப்புறம்?"

"பின்னால லாரி ஹாரன் அடிக்கிறான். சாவியைத் திருப்பினேன்."

"எத்தனை தடவை?"

தவமணி சாவியை எடுத்து மிஸ்திரி கையில் வைத்தான். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே தண்ணீர் இருந்தால் அதைக் கீழிருந்து தள்ளும் ராடுதான் வளைய வேண்டும். சாவியைத் திருப்பத் திருப்ப அது முறியும். அதை அப்போது அவனிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

குனிந்து எஞ்சினுக்கு அடியில் கையை விட்டார். கையை எடுத்தபோது எண்ணெயும் கடல் தண்ணீரும் கலந்து பால் டீ மாதிரி வழிந்தது. முறிந்த ராடு குத்தி, எஞ்சின் பிளாக்கில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை.

5. உள்ளே இருந்தது

எஞ்சினைக் கழற்றினால்தான் என்ன மிஞ்சும் என்று தெரியும் என்றார் மிஸ்திரி. கழற்றினார். ஒன்றும் மிஞ்சவில்லை. எஞ்சினை வெளியே எடுப்பதற்காகச் சைலன்சர் குழாயையும் பிரித்திருந்தார். எஞ்சினை ஒட்டி, குழாயின் தொடக்கத்தில் ஒரு டப்பா உண்டு. கன்வெர்ட்டர் என்பார்கள். உள்ளே தேன்கூடு மாதிரி கண் கண்ணாக இருக்கும். புகை அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

மிஸ்திரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கீழே வைத்துவிட்டுத் திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணே?" என்றான் தவமணி. அவன் அவரை அண்ணே என்று கூப்பிட்டது அன்றுதான்.

"பாரு."

தவமணி கண்ணருகே வைத்துப் பார்த்தான். நானும் பார்த்தேன். தேன்கூடு உடைந்து உருகி, கரி பிடித்து, மறுபக்கத்து வெளிச்சம் ஊசிமுனை அளவுதான் தெரிந்தது.

"வண்டியால மூச்சு விட முடியல" என்றார் மிஸ்திரி. "உள்ள இழுக்கிறதுல குறை இல்ல. வெளிய விட முடியல. விட முடியாத சூடுதான் பானெட்டுக்குள்ள சுத்திக்கிட்டு இருந்துச்சு."

"மழைக்கு முன்னால நல்லாத்தானே ஏறிச்சு?"

மிஸ்திரி டப்பாவின் கழுத்தைக் காட்டினார். வெல்டிங் தழும்பு இருந்தது. துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்த காலத்தில் புகை அந்த ஓட்டை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. வண்டி கத்தியது, ஆனால் இழுத்தது. கத்தக் கூடாது, ஹோட்டலுக்கு ஓடப்போகிற வண்டி என்று ஓட்டையை நன்றாக அடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வண்டிக்கு மூச்சு முட்டியிருக்கிறது. தீவில் நாங்கள் ஓட்டையைப் பார்த்தால் அடைப்போம். அடைத்த பிறகு அது சரியான இடம் என்று கணக்கு. அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தவமணி அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டான். "இதை முதல்லயே பாத்திருந்தா?"

"வெட்டி எடுத்துட்டு வேற மாத்தியிருப்பேன்."

"ஏறியிருக்குமா?"

மிஸ்திரி பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஏறியிருக்கும்."

செல்வி வாசலில் மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு டப்பாவும் தெரியாது, தேன்கூடும் தெரியாது. கடைசி வார்த்தை மட்டும் புரிந்தது. "ஏறியிருக்குமாம்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு புருஷனைப் பார்த்து, "வீட்டுக்கு வாங்க. ரெண்டு நாளா நீங்க ஒண்ணுமே சாப்பிடல" என்றாள். திட்டியிருந்தால் எல்லோருக்கும் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

6. பிறகு

வேறு எஞ்சின் மெயின்லேண்டிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். அதைத் தேடிக் கண்டுபிடித்து வரவழைக்கும் சக்தி தவமணிக்கு இல்லை, மிஸ்திரிக்கும் இல்லை. மேனேஜர் வேறு வண்டி அமர்த்திக்கொண்டார். அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை, சொன்ன நாள் வரை காத்திருந்தார். தவமணியின் வண்டி ஒர்க்‌ஷாப் பக்கவாட்டில் நின்றது. இரண்டு மழைக்குள் கதவின் அடிப்பாகம் அப்பளமாக உதிர்ந்தது. மிஸ்திரி வேலையை விடவில்லை. ஆனால் ஒரு வண்டி வந்தால் இது என்ன நோய் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். அப்படிச் சொல்லும் மிஸ்திரியிடம் எவன் வண்டியைக் கொடுப்பான்? ஆட்கள் ஒவ்வொருவராக வேறு ஷெட்டுக்குப் போனார்கள். ஒரு நாள் அவரும் குடும்பத்தோடு கப்பல் ஏறிவிட்டார்.

பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. இழுக்கும் காற்றின் சூட்டைக் குறைத்தால் வண்டிக்கு நல்லதா என்று உங்களிடம் யாராவது கேட்டால், நல்லதுதான் என்று சொல்லுங்கள். ஆனால் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் அதைக் குறைக்கப் போகாதீர்கள். காய்ச்சல்காரனுக்கு ஈரத்துணி போட்டால் நெற்றி குளிரும். நெற்றி குளிர்ந்தது என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டதால் எங்களில் யாருக்கு என்ன பயன் என்று என்னைக் கேட்காதீர்கள். தெரிந்தபோது வண்டி இல்லை.

போன வருஷம் ரெக்சின் பார்சல் எடுக்க ஹேடோ போயிருந்தேன். மெயின்லேண்ட் கப்பலிலிருந்து புது வண்டிகளைக் கிரேனில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இறங்கும் வண்டியை யார்டு வரை ஓட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்த ஒரு ஆள் இருந்தான். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத வண்டி. கதவைத் திறந்து இறங்கியவன் தவமணி. தலை பாதி நரைத்திருந்தது.

"அக்கா, நல்லாருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி. இங்கயா வேலை?"

"ஆமா. கப்பல் வர்ற அன்னைக்கு."

"எல்லாம் புது வண்டி" என்றேன். "நல்லா இழுக்குமே."

அவன் சாவியை யார்டுச் சுவர் ஆணியில் மாட்டினான். "நல்லாத்தான் இழுக்கும் போலக்கா. எனக்குத் தெரியல. கியர் மாத்துறதுக்குள்ள யார்டு வந்துருது."

கிரேன் அடுத்த வண்டியைத் தூக்கியது. அவன் கப்பலைப் பார்த்து நடந்து போனான்.